வேதாரண்யம் பக்கம் ரிலே பாயிண்ட்: இன்வெர்ட்டரா, நேரடி டிசியா?

கடலோரக் கேபிள்:
வேதாரண்யத்துக்குத் தெற்கே ஒரு மொட்டை மாடியில், இணைய சிக்னலை வாங்கி வீடுகளுக்கு அனுப்பும் எங்கள் ரிலே இருக்கிறது. இரண்டு ரேடியோ, ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச். அளந்து பார்த்தேன், மொத்தம் 28 வாட். இதை நம்பி அறுபது வீடுகள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் வர எட்டு மணி நேரம்கூட ஆகிறது. இருக்கிற யூபிஎஸ் ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) டியூபுலர் பேட்டரியும், அதாவது ஈயமும் ஆசிட்டும் உள்ள வகை, வீட்டு இன்வெர்ட்டரும் வாங்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

டவர்ஏறி:
பேட்டரி சரி, இன்வெர்ட்டர் வேண்டாம் தம்பி. அது பேட்டரியின் 12 வோல்ட் டிசியை 230 வோல்ட் ஏசி ஆக்கும், ரேடியோவின் அடாப்டர் அதை மறுபடி 24 வோல்ட் டிசி ஆக்கும். சும்மா ஓடவே வீட்டு இன்வெர்ட்டர் பத்துப் பதினைந்து வாட் தின்னும். உங்கள் லோடே 28தான்! பேட்டரியில் 12 வோல்ட் × 150 ஏஎச் = 1800 வாட்-அவர்; ஆயுளைக் காப்பாற்றப் பாதிதான் எடுக்க வேண்டும், அதாவது 900. இன்வெர்ட்டரில் இருபது மணி நேரம் வந்தாலே பெரிது. இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடி டிசியாகக் கொடுத்தால் இருபத்தெட்டு, இருபத்தொன்பது மணி நேரம் ஓடும்.

பேட்டரிக்கடை:
கணக்கு சரி, களம் வேற. இன்வெர்ட்டர் கெட்டால் திருத்துறைப்பூண்டியில் அன்றைக்கே சரி பண்ண ஆள் இருக்கிறது. நீங்கள் கையால் கட்டிய டிசி பெட்டியை ராத்திரி இரண்டு மணிக்கு யார் திறப்பார்? நேரடியாகக் கொடுத்துத்தான் ஒரு கடையில் 12 வோல்ட் சுவிட்ச் எரிந்தது. சார்ஜ் ஏறும்போது முனையில் 14.4 வோல்ட் வருமே, அதை யாரும் யோசிக்கவில்லை.

டவர்ஏறி:
அந்த சுவிட்ச் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நேரடி என்று நான் சொன்னது வெறும் வயரை அல்ல. ரேடியோவுக்கு 12-லிருந்து 24 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று, சுவிட்சுக்கு வோல்டேஜை 12-லேயே நிறுத்தும் கன்வெர்ட்டர் ஒன்று. ஸ்பேர் ஒன்றொன்று பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த பையன் போதும்.

உப்புக்காற்று:
150 ஏஎச் டியூபுலர் ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல். அதை ஏணியில் ஏற்றிப் பாருங்கள்! 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோ சொச்சம், 1280 வாட்-அவரில் ஆயிரம் தாராளமாக எடுக்கலாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை.

பேட்டரிக்கடை:
வாங்கும்போது விலை கூட, அதையும் சொல்லுங்கள். அப்புறம், பழைய டியூபுலர் சார்ஜரை அதில் மாட்டிவிடாதீர்கள். செல்களைச் சமப்படுத்தும் ஈக்வலைஸ் மோடில் 15 வோல்ட்டுக்கு மேல் போகும், லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் கட் பண்ணிவிடும். சார்ஜ் அடியோடு இறங்கி அது கட் ஆனால் சில சார்ஜர்களால் திரும்ப எழுப்பவே முடியாது. டியூபுலர் கெட்டாலும் மாற்றும்போது ஈயத்துக்குக் காசு திரும்பக் கிடைக்கும்.

டவர்ஏறி:
எதை வாங்கினாலும் வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் லெட் ஆசிட்டின் ஆயுள் பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே நிழலில் வையுங்கள்.

கடலோரக் கேபிள்:
ஒரு நாள் தாங்கினால் போதுமா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் இங்கேதான் கரை கடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பிள்ளைகள் சென்னையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், இங்கே எடுக்க வழியில்லை. அது மறுபடி நடக்கக் கூடாது.

உப்புக்காற்று:
அதற்குப் பேட்டரியைப் பெரிதாக்கிப் பயனில்லை. 28 வாட் என்றால் நாளுக்கு 670 வாட்-அவர், ஒரு வாரத்துக்கு 4700. சோலார் பேனல் வையுங்கள். புயல் அறிவிப்பு வந்ததும் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, காற்று ஓய்ந்ததும் மாட்டுங்கள்.

பேட்டரிக்கடை:
இதில் எனக்கு மறுப்பில்லை. பேனல் என்று வந்துவிட்டால் டிசியே நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 11.8 வோல்ட்டில் லோடைத் துண்டிக்கும் கட்-ஆஃப் இல்லாமல் டியூபுலரை இணைக்காதீர்கள். முனைகளில் வாசலின் தடவுங்கள், உப்புக் காற்று விடாது.

கடலோரக் கேபிள்:
சரி, டியூபுலர், டிசி, பேனல். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறேன். ஃபியூஸ் எங்கே போடுவது?

பேட்டரிக்கடை:
லோடுக்குப் போகும் வயரில், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள், 10 ஆம்பியர். லோடின் மற்ற வயர் எல்லாம் அதற்குப் பிறகு.