239 கார்டுக்குப் பெயர் முழு செட்டா?

பழையபெட்டி:
சில்லறைக்காசு நேற்று இங்கே போட்ட படத்தைப் பார்த்தேன். "பதினோரு வருடத் தவம் பலித்தது, 1933 கௌடி பேஸ்பால் செட் முடிந்தது" என்று எழுதியிருந்தார். கௌடி கம்பெனி சூயிங்கத்தோடு கொடுத்த பேஸ்பால் வீரர் படக் கார்டுகள். கீழே வாழ்த்து மழை. உட்கார்ந்து எண்ணினேன், 239. 106ஆம் எண், நாப் லாஜவே என்ற வீரரின் கார்டு, எங்கே? கார்டைத் திருப்பிப் பாருங்கள். "240 வீரர்கள் வரிசையில் இது ஒன்று" என்று பாஸ்டனில் இருந்த அந்த சூயிங்கம் கம்பெனியே பின்னால் அச்சடித்திருக்கிறது. 51 சீட்டை வைத்துக்கொண்டு முழுக்கட்டு என்று யாராவது சொல்வார்களா?

சில்லறைக்காசு:
வாழ்த்துக்கு நன்றி அண்ணா. 1933இல் ஒரு சென்ட் கொடுத்து கம் வாங்கிய எந்தப் பையனுக்கும் 106 கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், அப்போது அப்படி ஒரு கார்டே இல்லையே! பையன்கள் தேடித் தேடி வாங்கட்டும் என்று விட்ட ஓட்டை அது. கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு 1934இல்தான் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். முன்பக்க டிசைனும் 34 டிசைன். 34இல் பிறந்த பிள்ளைக்கு 33 பிறப்புச் சான்றிதழா?

பழையபெட்டி:
முன்பக்கம் 34தான், யார் இல்லை என்றது? பின்பக்கம்? 33 பின்பக்கம். எண் 106. கௌடி 34 செட்டில் மொத்தமே 96 கார்டு. 106ஆம் எண்ணை அதில் எங்கே செருகுவாய் தம்பி? மறுபடியும் சொல்கிறேன், 240.

ரப்பர்பேண்டு:
சிகரெட் பெட்டியில் வந்த டி206 என்ற பழைய பேஸ்பால் செட் 524 கார்டு. வாக்னர், பிளாங்க், பெயர் எழுத்துப்பிழையோடு வந்த மேகி, டாயில் என்ற நாலு அபூர்வ வீரர் கார்டுகளையும் விட்டுவிட்டு 520 சேர்த்தவர்களை முடித்தவர்கள் என்றுதான் சொல்கிறோம். வாக்னர் ஒன்றே 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. வீட்டை விற்றுவிட்டு வந்தால்தான் பெரியவர் ஒத்துக்கொள்வாரோ?

பழையபெட்டி:
அவர்கள் "நாலு நீங்கலாக" என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். அது நேர்மை. இவர் "முடிந்தது" என்கிறார். அதோடு வாக்னர் பெட்டிக்குள் வந்த கார்டு, எண்ணிக்கைதான் குறைவு.

சில்லறைக்காசு:
அப்படி வாருங்கள்! வாக்னர் பெட்டிக்குள் வந்தார். உங்கள் லாஜோய் எந்த கம் உறைக்குள் வந்தார்?

பழையபெட்டி:
முதலில் பெயரை ஒழுங்காக எழுது. லாஜோய் இல்லை, லாஜவே. கிளீவ்லாந்து அணிக்கே நாப்ஸ் என்று அவர் பெயரை வைத்திருந்தார்கள். பெயர் தெரியாதவர்கள் செட்டு முடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

பாஸ்டன்மாமி:
அவர் ரோட் ஐலண்டில் பிறந்த பிரெஞ்சுக் கனடியக் குடும்பத்துப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால் லாஜ்வா என்பார்கள். இரண்டு பேருமே தப்பு. 1916இலேயே பெரிய லீக் ஆட்டத்தை விட்டவர் அவர். இத்தனை பையன்கள் கம் மென்று மென்று தேடிய ஆள், அவர்கள் பிறக்கும் முன்பே ஓய்வு பெற்ற தாத்தா! எனக்கு அதுதான் சிரிப்பு.

ரப்பர்பேண்டு:
நேர்மை பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எனக்கு நீங்கள் விற்ற இதே செட்டின் 1ஆம் எண், பெங்கோ என்ற வீரரின் கார்டின் விளிம்பில் ரப்பர்பேண்டு வெட்டிய வடு இருந்ததே, விற்கும்போது ஏன் சொல்லவில்லை?

பழையபெட்டி:
கட்டின் மேலே இருக்கும் முதல் கார்டில் வடு இல்லாமல் என்ன இருக்கும்? படம் அனுப்பினேன், கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கலாம். மூன்று வருடமாக அதையே பேசுகிறீர்கள், பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டீர்கள். விஷயத்துக்கு வருவோம். என் 106இன் மேல்பக்கம் ஒரு ஜெம் கிளிப் தடம் இருக்கிறது. கம்பெனி கடிதத்தோடு கோத்து அனுப்பியது. விரலால் தடவினால் பள்ளம் தெரியும். 239ஐ 240 ஆக்கத்தான் அதை அனுப்பினார்கள்.

சில்லறைக்காசு:
உங்கள் 106 திறக்க முடியாதபடி பிளாஸ்டிக் கூட்டுக்குள் சீல் வைத்ததல்லவா? விரல் எப்படி உள்ளே போனது?

பழையபெட்டி:
சீல் வைக்கும் முன்பு தடவினேன்.

பாஸ்டன்மாமி:
சீலோடுதான் ஏலத்தில் எடுத்தேன் என்று போன தீபாவளிக்கு இங்கேயே எழுதினீர்கள். தேடி எடுத்துப் போடட்டுமா?

பழையபெட்டி:
போடுங்கள், எனக்கென்ன. சீலைப் பற்றியா பேச்சு? இவரிடம் பெரிய நட்சத்திரம் ரூத்தின் கார்டு நாலும் இருக்கிறது, 53, 144, 149, 181. இன்னொரு நட்சத்திரம் கெரிக்கின் இரண்டும் இருக்கிறது. இத்தனை செலவு செய்தவருக்கு ஒரு லாஜவேக்கு மனம் வரவில்லை, அதற்கு வரலாற்றுக் காரணம் வேறு.

சில்லறைக்காசு:
மனம் இல்லாமல் இல்லை, தேவை இல்லை. 33இல் வந்தது 239.

பழையபெட்டி:
தேவை இல்லை என்றால் உன் ஆல்பத்தில் 105க்கும் 107க்கும் நடுவே ஒரு பை காலியாக இருக்கிறதே, அது யாருக்கு? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ரப்பர்பேண்டு:
அதைப் பெரிதாக்கிப் பார்த்தவருக்குப் பெங்கோ வடு மட்டும் தெரியவில்லை.

சில்லறைக்காசு:
அந்தப் பை ஆல்பம் செய்தவன் விட்டது. 34இல் வந்த கார்டு 34தான்.

பழையபெட்டி:
பின்பக்கத்தைப் படி. 240.