ஐந்து நாள், இரண்டு ஜோடி, அக்ரா: எப்படிப் பிரித்துக்கொள்வது?

பாளை டீச்சர்:

எங்க வீட்டு சார் மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். நான் முப்பது வருஷமாக வரலாறு நடத்துகிறவள். ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1957 மார்ச் 6, கானா, குவாமே இங்க்ருமா என்று கரும்பலகையில் எழுதுவேன். எழுதிவிட்டுத் திரும்பும்போது அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை வரும். போன மாதம் சார், "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார். வளையல் கேட்பேன் என்று நினைத்திருப்பார். கானாவின் தலைநகர் அக்ரா என்றேன். தெருவில் சொன்னால் எல்லாரும் தாஜ்மகால் பார்க்கவா என்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவும் அத்தானும் கூட வருகிறார்கள். அவர்கள் சுத்த சைவம். மொத்தம் நாலு பேர், அங்கே ஐந்து முழு நாள். ஜூன் இரண்டாம் வாரம் கிளம்பலாம் என்று நினைக்கிறோம். அக்ராவில் ஒரு நாள், கேப் கோஸ்ட் காலையில் போய் ராத்திரி திரும்புவது ஒரு நாள், குமாசி இரண்டு நாள், மிச்சம் ஒரு நாள் கடற்கரை. இது சரிவருமா? சாருக்கு பிரஷர் மாத்திரை உண்டு, வெயில் தாங்குமா?

இன்னொன்று மனசில் கிடக்கிறது. கேப் கோஸ்டிலும் எல்மினாவிலும் இருப்பது அடிமைகளை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய கோட்டைகள். ஜோடியாகச் சந்தோஷமாகப் போகிற பயணத்தில் அங்கே போய் நிற்கலாமா? விட்டுவிடவும் மனம் இல்லை.

முத்துநகர் முந்திரி:

டீச்சரம்மா, நான் தூத்துக்குடியில் முந்திரி வியாபாரம். பச்சை முந்திரிக்கொட்டை வாங்க ஏழு சீசன் கானா போயிருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை உள்நாட்டுச் சந்தைகளில் கிடப்பேன், முடித்துவிட்டு அக்ராவில் பத்து நாள் தங்குவேன். இரண்டு வருஷம் முன்னால் ஆகஸ்டில் வீட்டுக்காரியையும் கூட்டிப் போனேன்.

முதலில் ஜூனை விடுங்கள். அக்ராவில் மழை கொட்டுகிற மாதம் அதுதான். அதைவிட முக்கியமான விஷயம், அக்ராவின் பூர்வகுடி கா மக்கள் ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் மே, ஜூன் வாக்கில் ஒரு மாதம் மேளத்துக்கும் சத்தத்துக்கும் தடை போட்டுவிடுவார்கள். நகரம் முழுக்க அது நடப்பில் இருக்கும். கொட்டுச் சத்தம் கேட்க ஆசைப்பட்டு அப்போது போனால் ஏமாற்றம்தான். ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். பகலில் 27, 28 டிகிரி, வருஷத்திலேயே குளிர்ந்த மாதம். மார்ச்சில் 32, 33 போகும். நம்ம ஊர் வெயிலுக்கு அது பெரிதில்லைதான், ஆனால் புழுக்கம் வேறு. மே மாதச் சாயங்காலம் தூத்துக்குடிக் கடற்கரையில் சட்டை முதுகோடு ஒட்டுமே, அந்த மாதிரி. சார் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை சுற்றட்டும், மத்தியானம் படுக்கட்டும், நாலுக்கு மேல் மறுபடி கிளம்பட்டும்.

ஆகஸ்டில் போனால் ஹோமோவோவும் வாய்க்கலாம். 'பசியைப் பார்த்துக் கேலி செய்வது' என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். என்றைக்கோ பெரும் பஞ்சம் வந்து, அப்புறம் மக்காச்சோளம் விளைந்து வயிறு நிறைந்ததாம். அதை மறக்காமல் சோளமாவை அவித்து, செம்பனை எண்ணெய் சேர்த்து, ஊர்த்தலைவர் தெருத்தெருவாகக் கையால் தூவிக்கொண்டே போவார். என் வீட்டுக்காரி ஜேம்ஸ்டவுன் தெருவில் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அவங்களும் பஞ்சத்தை மறக்கலே" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் டீச்சர், அக்ராவுக்கு ஒரு நாள் காணாது. இங்க்ருமா நினைவிடம் இருப்பது அவர் விடுதலையை அறிவித்த அதே பழைய போலோ மைதானத்தில். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் கடைசிக் காலத்தில் இங்கே வந்து குடியேறி 1963-ல் இறந்தார். அவர் வாழ்ந்த வீடு இருக்கிறது, சமாதியும் அங்கேயே. மக்கோலா சந்தைக்குக் காலையில் போங்கள். கடைக்காரப் பெண்களுக்கு முதலில் வணக்கம், அப்புறம்தான் விலை. எதையும் வலது கையால் கொடுங்கள், வலது கையால் வாங்குங்கள். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள்.

சைவத்துக்கு வழி இருக்கிறது. வாச்சே என்பது அரிசியும் தட்டப்பயறும் சேர்த்து வேகவைத்தது. ஒருவகைச் சோளத்தின் தாளைப் போட்டு வேகவைப்பதால் சிவந்திருக்கும். அதன்மேல் ஷிட்டோ என்று கறுப்பாக ஒன்று வைப்பார்கள், கருவாடும் கூனியும் போட்ட தொக்கு அது. அக்கா தட்டை நீட்டும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 'ரெட் ரெட்' என்ற பயற்றுக் குழம்பிலும் மீன் விழுந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். ராத்திரி தெருவோரம் இஞ்சி, மிளகாய் தடவி வாழைப்பழம் பொரிப்பார்கள், கெலேவேலே. அதற்குப் பயமே வேண்டாம்.

கேப் கோஸ்ட் விஷயம் தனியாக எழுதுகிறேன்.

கே.டி.சி. நகர் நர்ஸ்:

அக்கா, டிக்கெட் போடும் முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள், திரும்பி வரும்போது நம்ம விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே இருத்திவிடலாம். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சாருக்கு அறுபது ஆகிவிட்டதால் டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகே போட வேண்டும். அந்த வயதில் முதல் தடவை போடும்போது கூடுதல் கவனம் தேவை. அப்படியே மலேரியாவுக்கு முன்கூட்டிச் சாப்பிடுகிற மாத்திரையும், பிரஷர் மாத்திரையோடு சேருமா என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அதைச் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

பத்தமடை மருமகள்:

நாங்கள் இரண்டு வருஷம் குமாசியில் இருந்தோம். அக்ராவிலிருந்து 250 கிலோமீட்டர், ரோட்டில் ஐந்தாறு மணி நேரம். அதோடு கேப் கோஸ்டையும் சேர்த்தால் ஐந்து நாளும் காரிலேயே போய்விடும். விமானம் பிடித்தால் முக்கால் மணி நேரம். ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் குமாசியை விடாதீர்கள் என்பேன், நான் பாய் நெய்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

பக்கத்தில் பொன்வைரே என்ற ஊரில் கெந்தே என்ற துணி நெய்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான். நாலு விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து நூலைப் பிரிக்கிறார் நெசவாளி. பாவு முன்னால் பல அடி தூரம் நீண்டு கிடக்கிறது, அதன் நுனியில் கல்லை வைத்த பலகை. நெய்ய நெய்ய அந்தக் கல் மண்ணை உரசிக்கொண்டு அவரைப் பார்த்து வரும். பட்டைகளை ஒன்றோடொன்று தைத்துத்தான் துணி. எங்கள் மாமியார் கோரையைத் தாமிரபரணியில் ஊறப்போட்டு, கிழித்து, மாப்பிள்ளை பெண் பெயரை வைத்துக் கல்யாணப் பாய் நெய்தவர். அந்த நெசவாளியின் கால் விரலைப் போட்டோவில் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

முத்துநகர் முந்திரி:

தங்கச்சி சொல்வது சரிதான், ஆனால் டீச்சரம்மாவின் மனசில் கிடப்பது கோட்டை. நான் கோட்டைக்குத்தான் கை தூக்குவேன், ஒரு நிபந்தனையோடு. காலையில் போய் ராத்திரி திரும்பாதீர்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர், அக்ராவை விட்டு வெளியேறவே டிராபிக்கில் நேரம் போகும். அங்கேயே ஒரு ராத்திரி தங்குங்கள்.

நான் முதல் தடவை வியாபாரக் கூட்டாளிகளோடு அவசரமாகப் போனேன். ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, வாசலில் இளநீர் குடித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வண்டி ஏறினோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டுக்காரியோடு போனபோதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஆண்களை அடைத்த நிலவறைக்கு நேர்மேலே கிறிஸ்தவ ஜெபக்கூடம் கட்டியிருக்கிறார்கள். கீழே இருட்டு, மேலே சிறு துவாரத்தில் கொஞ்சம் வெளிச்சம். பெண்களின் அறை தனி. அங்கே அவள் என் கையைப் பிடித்தவள், வெளியே வரும்வரை விடவில்லை. கடைசியில் 'திரும்பி வராத வாசல்' என்ற கதவு. திறந்தால் எதிரே கடல், சாயம் பூசிய படகுகள், மீனவர்கள் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நம்ம திரேஸ்புரம் மாதிரி. அதே கதவில் வெளிப்புறம் 'திரும்பி வரும் வாசல்' என்று எழுதியிருக்கிறது. 1998-ல் அமெரிக்காவிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் அடிமைகளாய் இறந்த இருவரின் எலும்புகளை அந்த வழியாகக் கொண்டுவந்தார்கள். ஜோடியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். தனியாகப் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். போட்டோ மட்டும் அங்கே வேண்டாம்.

எல்மினா பக்கம்தான், 1482-ல் போர்ச்சுக்கீசியர் கட்டியது. அதே நாளில் இரண்டாவது கோட்டை வேண்டாம், மனசு தாங்காது. சாயங்காலம் சும்மா கடலைப் பார்த்து உட்காருங்கள்.

பாளை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சாரிடம் வாசித்துக் காட்டினேன். ஆகஸ்ட் என்று முடிவு. அக்ரா மூன்று நாள், கேப் கோஸ்ட் ஒரு ராத்திரி தங்கி இரண்டு நாள். குமாசி இந்தத் தடவை இல்லை, பத்தமடைத் தங்கச்சி மன்னிக்கணும். அக்ராவிலேயே ஒரு கெந்தேப் பட்டை வாங்கி வந்து உங்கள் மாமியாரிடம் காட்டுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக டிக்கெட் பார்க்கிறோம். கிண்டிக்கு ஜூலை முதல் வாரம், அதற்கு முன்னால் சாரை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அங்கே பிறந்த கிழமையை வைத்துப் பெயர் சொல்வார்களாமே?

முத்துநகர் முந்திரி:

ஆமாம், அக்கான் மக்களின் வழக்கம். சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே, பெண் அமா. இங்க்ருமா சனிக்கிழமைக்காரர். வெள்ளி என்றால் கோஃபி, எஃபுவா. வியாழன் யாவ், யா. சந்தையில் கட்டாயம் கேட்பார்கள், ஜாதகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை டீச்சர்:

பார்த்துவிட்டேன் அண்ணாச்சி. நான் வியாழன். சார் சனிக்கிழமை.