சொற்களை மாற்றிய பிறகும் ‘மூலத்தின் நிழல்’ என்கிறார் நெறியாளர்

ஆய்வுமாணவி கேட்டது:

வணக்கம். என் ஆய்வேட்டில் முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயலை எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். பதினான்கு பக்கங்களில் ஆறு பக்கங்களின் ஓரத்தில் ‘மூலத்தின் நிழல்’ என்று பென்சிலால் எழுதித் திருப்பித் தந்துவிட்டார். எந்த வரியையும் நான் அப்படியே எடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் குறித்திருக்கிறேன். ஒப்புமை பார்க்கும் மென்பொருளும் 9 விழுக்காடுதான் காட்டியது. ஒரு மாதிரியைக் கீழே தருகிறேன்.

மூலம்: “மரங்கள் குறைந்த நகர்ப்பகுதிகளில் இரவு வெப்பம் தணிய நீண்ட நேரம் பிடிக்கிறது, கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் உள்வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல வெளியிடுவதே இதற்கு முதன்மைக் காரணம்.”

நான் எழுதியது: “விருட்சங்கள் அருகிய நகர்ப்புறங்களில் இராப்பொழுதின் உஷ்ணம் குறைய அதிக நேரமாகிறது, சிமென்ட் கட்டுமானங்களும் தார்ச்சாலைகளும் பகற்பொழுதில் உறிஞ்சிய உஷ்ணத்தை இரவில் சிறிது சிறிதாக வெளிவிடுவதே இதன் பிரதான காரணம்.”

இதில் பிழை எங்கே இருக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து நானே மொழிபெயர்த்து எழுதிய பகுதிகளுக்கும் மேற்கோள் குறி இட வேண்டுமா?

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

உங்கள் நெறியாளர் சரியான சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு வாக்கியங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: மரங்களின் இடத்தில் விருட்சங்கள், வெப்பத்தின் இடத்தில் உஷ்ணம், முதன்மையின் இடத்தில் பிரதானம். காற்புள்ளிகூட மூலத்தில் இருந்த அதே இடத்தில் இருக்கிறது. நம் உரை மரபில் பதவுரை, பொழிப்புரை, கருத்துரை என்று மூன்றையும் பிரித்துச் சொல்வார்கள். நீங்கள் செய்திருப்பது பதவுரையின் வேலை: சொல்லுக்குச் சொல். ஆய்வேட்டில் கேட்கப்படுவது மற்ற இரண்டும். ஒரு வாதத்தை அதன் விவரங்களோடு உங்கள் நடையில் சொன்னால் அது பொழிப்பு. இருபது பக்கக் கட்டுரையின் முடிவை இரண்டு வரியில் சொன்னால் அது சுருக்கம்.

இவ்வாறு சொற்களை மட்டும் மாற்றும் எழுத்துக்கு ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் ஒரு தனிப்பெயரே கொடுத்தார். தமிழில் ‘ஒட்டுப்போட்ட எழுத்து’ என்று சொல்லலாம். புதிய துறையின் மொழி இன்னும் கைவராதவர்கள் கடந்துபோகும் ஒரு நிலையே இது என்றும், எல்லா இடங்களிலும் இதனைத் திருட்டு என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்றும் அவர் வாதிட்டார். ஆகவே மனம் தளர வேண்டாம். ஆனால் அந்த 9 விழுக்காட்டை நம்பியும் இருக்க வேண்டாம். அந்த மென்பொருள் பொருந்தும் சொற்றொடர்களை எண்ணிக் காட்டுகிறதே தவிர, கருத்து யாருடையது என்று அதற்குத் தெரியாது. முறையாக மேற்கோளிட்டு எழுதிய இயலுக்கு 20 வரலாம், நிழல் எழுத்துக்கு 2 வரலாம்.

நான் செய்வது இதுதான். பத்தியை இருமுறை படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்து அறையில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் எழுதிப்பார்ப்பேன். உங்கள் மாதிரி எனக்கு இப்படி வந்தது: “பகலில் சூடேறிய கட்டடங்களும் சாலைகளும் இருட்டிய பிறகும் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டே இருப்பதால், நிழல்தரும் மரங்கள் இல்லாத நகர்ப்பகுதிகள் விடியும்வரை குளிர்வதில்லை.” காரணம் முன்னால் வந்துவிட்டது, வாக்கியத்தின் எலும்புக்கூடே வேறு. புத்தகம் மூடியிருக்கும்போது எழுத வரவில்லையென்றால், அந்தப் பத்தி இன்னும் புரியவில்லை என்று பொருள். அகராதியைப் புரட்டுவதால் அது தீராது.

நூலகர் எழுதியது:

மேலே எழுதியவரின் முறையை ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டிய வாக்கியத்தையே மூலத்தோடு ஒப்பிட்டால் மூன்று இடங்களில் கை தவறியிருக்கிறது. ‘நீண்ட நேரம்’ என்பது ‘விடியும்வரை’ ஆகிவிட்டது. ‘மரங்கள் குறைந்த’ என்பது ‘மரங்கள் இல்லாத’ ஆகிவிட்டது. ‘முதன்மைக் காரணம்’ என்பது ஒரே காரணம்போல் ஒலிக்கிறது. புத்தகத்தை மூடி எழுதுவது எவ்வளவு தேவையோ, எழுதியபின் அதைத் திறந்து பார்ப்பதும் அவ்வளவு தேவை. மூல ஆசிரியர் சொல்லாததை அவர் பெயரில் சொல்வது, அவர் சொன்னதைப் பெயரில்லாமல் எடுத்துக்கொள்வதைவிடச் சிறிய குற்றம் என்று நான் நினைக்கவில்லை. குறிப்பாக ‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’, ‘இந்த மாதிரியில்’ போன்ற அடக்கச் சொற்கள்தான் பொழிப்பில் முதலில் உதிர்கின்றன.

பத்தியின் இறுதியில் மட்டும் குறிப்பு வைப்பதும் ஒரு சிக்கல். ஆறு வாக்கியங்களில் எது அவருடையது, எது உங்களுடையது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? முதல் வாக்கியத்திலேயே பெயரைச் சொல்லித் தொடங்கி, ‘அவர் மேலும் காட்டுவது’ என்று தொடர்ந்து, உங்கள் கருத்து வரும் இடத்தில் ‘இதை வைத்துப் பார்க்கையில்’ என்று பிரித்துவிடுங்கள். ஏபிஏ எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் கையேடு, 2019-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின்படி, பொழிப்புக்குப் பக்க எண் கட்டாயமில்லை, கொடுத்தால் நல்லது. நேர் மேற்கோளுக்குக் கட்டாயம். மேற்கோள் 40 சொற்களை எட்டினால் மேற்கோள் குறியில்லாமல் தனிப் பத்தியாக உள்தள்ளி எழுத வேண்டும். எம்எல்ஏ (நவீன மொழிச் சங்கம்) மேற்கோள் முறையில், பக்கங்களுக்கு எண் உள்ள மூலமானால், பொழிப்புக்கும் பக்க எண் வேண்டும்.

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டீர்கள். நீங்களே மொழிபெயர்த்த பகுதியை ஏபிஏ பொழிப்பாகவே கருதுகிறது. எனவே அம்முறையில் மேற்கோள் குறி வேண்டாம், ஆனால் ஆசிரியரும் ஆண்டும் கட்டாயம் வேண்டும். மொழி மாறியதால் கருத்து உங்களுடையதாகிவிடாது. மற்ற முறைகளில் வழக்கம் வேறுபடலாம். உங்கள் துறையின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

‘விடியும்வரை’ என் கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவருக்கே இந்தக் கதி.

ஆய்வுமாணவி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மீண்டும் எழுதிப்பார்த்தேன்: “கட்டடங்களும் சாலைகளும் பகலில் சேர்த்துவைத்த வெப்பத்தை இரவில் படிப்படியாக விடுவிப்பதால்தான், மரங்கள் குறைவான நகர்ப்பகுதிகள் குளிரப் பெரும்பாலும் தாமதமாகிறது என்று இவ்வாசிரியர் விளக்குகிறார்.” ‘பெரும்பாலும்’ என்று போட்டது ‘முதன்மைக் காரணம்’ என்பதற்கு ஈடாகுமா?

இன்னொரு சிக்கல்: மூன்று பழைய கட்டுரைகளை நான் நேரில் படிக்கவில்லை. ஒரு மதிப்புரையில் அவற்றைப் பற்றிப் படித்துவிட்டு, அவற்றையே படித்ததுபோல் குறித்திருக்கிறேன்.

நூலகர் எழுதியது:

ஈடாகாது. ‘பெரும்பாலும்’ தாமதத்தின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அது காரணத்தின்மேல் இருக்க வேண்டிய சொல். ‘விடுவிப்பதே இதற்குப் பெருங்காரணம்’ என்று எழுதினால் போதும். மற்றபடி வாக்கியம் உங்களுடையது.

மூன்று கட்டுரைகளைப் பொறுத்தவரை, முடிந்தவரை மூலத்தைத் தேடிப் படியுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி’ என்று எழுதி, நீங்கள் படித்த மதிப்புரையை மட்டும் பட்டியலில் சேருங்கள். தசமப்புள்ளி ஒன்று இடம் மாறியதால்தான் பசலைக்கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு இருப்பதாக உலகம் நம்பியது என்ற கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1981-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை சான்று எதுவும் காட்டாமல் அதைச் சொன்னது. பிறகு வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். அந்தத் தசமப்புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற ஆய்வாளர் 2014-இல் சோஷியல் ஸ்டடீஸ் ஆஃப் சயின்ஸ் இதழில் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பிறருடைய கவனக்குறைவைச் சாட வந்தவர்களே மூலத்தைப் பார்க்காமல் எழுதியிருந்தார்கள்.

ஆய்வுமாணவி எழுதியது:

மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டன. ஒன்றில் மதிப்புரை சொன்னதுதான் இருக்கிறது. மற்றொன்று கோடைக்கால அளவீடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மதிப்புரையும் அதைப் பின்பற்றி நானும் ‘ஆண்டு முழுவதும்’ என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பத்தியை இன்றிரவு திருத்துகிறேன்.