கேப் டவுன் மேசை மலை: ஒரு மலை எப்படி பூமிக் கணக்கைக் கெடுக்கும்?

கடலோடி_தூத்துக்குடி:
கப்பல் வேலையில் இருக்கிறேன். அடுத்த மாதம் கேப் டவுன் துறைமுகத்தில் நிற்போம் போலிருக்கிறது, மேசை மலைக்குப் போகலாம் என்று ஒரு எண்ணம். கூட வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்ன விஷயம்தான் மண்டையைக் குடைகிறது. பூமியை அளக்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் கணக்கு இந்த மலையால் தப்பாகிவிட்டதாம், அதைக் கண்டுபிடித்தவர் எவரெஸ்டாம். எவரெஸ்ட் இந்தியாவில் சர்வே செய்தவர்தானே, அவருக்கு ஆப்பிரிக்காவில் என்ன வேலை? ஒரு மலை சும்மா நின்றுகொண்டே எப்படிக் கணக்கைக் கெடுக்கும்? அப்புறம், அது பழைய எரிமலையா, அதனால்தான் தலை மொட்டையாக இருக்கிறதா?

சர்வே_தாத்தா:
தம்பி, உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். அந்தப் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா லூயி த லக்காய், பாதிரியார், வானியலாளர். 1751இல் கேப் டவுன் வந்து தெற்கு வானத்தின் பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவான நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டவர். 1752இல் இன்னொரு வேலையும் செய்தார்: வடக்கு தெற்காக இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள தூரத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்தார், இரண்டு முனைகளிலும் நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடித்தார். தூரத்தை அட்சரேகை வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு நீளம் என்று வரும், அதிலிருந்து பூமியின் வடிவம் தெரியும்.

இதில் ஒரே ஒரு இடத்தில்தான் கோளாறு. நட்சத்திரத்தின் கோணத்தை எடுக்க "நேர் மேல்" எது என்று தெரிய வேண்டும், அதைச் சொல்வது கொத்தனார் வைத்திருக்கிற அதே தூக்குக்குண்டு. லக்காயின் தெற்கு முனை கேப் டவுன் ஊருக்குள் இருந்தது, அதற்குத் தெற்கே மேசை மலை. அவ்வளவு பெரிய பாறை பக்கத்தில் இருந்தால் அதன் ஈர்ப்பு குண்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாது, சில விகலை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு விகலை) அளவுதான் வரும், ஆனால் ஒரு விகலை பிசகினாலே தரையில் சுமார் 30 மீட்டர் போய்விடும். வடக்கு முனையிலும் மலைகள்தான். ஆக, ஒரு டிகிரியின் நீளம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக வந்து, பூமியின் தென்பாதி வடபாதி மாதிரி இல்லை, வேறு வடிவம் என்கிற மாதிரி ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 70 வருடம் இதற்கு யாரிடமும் சரியான விளக்கம் இல்லை.

எவரெஸ்ட் அங்கே போனது வேலைக்காக அல்ல, காய்ச்சல் விழுந்து உடம்பு தேறப் போனார், 1820இல். போன இடத்திலும் சும்மா இருக்க முடியாத மனுஷர், லக்காய் நின்று அளந்த இடங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, "இரண்டு முனையிலும் மலை இருக்கிறது, குண்டை அதுதான் இழுத்திருக்கும்" என்று எழுதினார்.

பரங்கிமலை_அடிவாரம்:
தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஒன்றில் முரண்படுகிறேன்.

சேர்ப்பது: எவரெஸ்ட் அப்போது வில்லியம் லாம்ப்டனின் உதவியாளர். லாம்ப்டன் 1802இல் அடிக்கோடு (முக்கோணங்களுக்கு அடிப்படையாகத் தரையில் நேராக அளக்கும் முதல் கோடு) அளந்து ஆரம்பித்தது சென்னை பரங்கிமலைப் பக்கத்தில்தான். தென்னிந்தியாவின் அந்தப் பெரிய அளவையில் பழகிய கண்தான் கேப் டவுனில் மலையைப் பார்த்ததும் தூக்குக்குண்டை நினைத்தது.

முரண்: எவரெஸ்ட் "கண்டுபிடித்தார்" என்பது கொஞ்சம் அதிகம். அவர் கிளப்பியது சந்தேகம். 1840களில் லக்காயின் வேலையை முழுசாகத் திரும்ப அளந்து, இன்னும் நீட்டியும் அளந்து, அதை நிரூபித்தவர் கேப் வானாய்வகத்தின் தாமஸ் மக்ளியர். மலையின் உச்சியில், 1086 மீட்டரில், அவர் பெயரில் ஒரு கல்குவியல் இன்றும் இருக்கிறது. கேபிள் கார் நிலையம் அதைவிடத் தாழ்வு, அங்கிருந்து நடந்துதான் போக வேண்டும், பெரும்பாலானவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறார்கள்.

லக்காய்க்கு இந்த மலை மேல் கோபம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை, தனக்கு அது செய்த வேலை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அவர் உருவாக்கிய விண்மீன் கூட்டங்களில் ஒன்றுக்கு இதே மலையின் பெயரைத்தான் வைத்தார். மிகவும் மங்கல், நகரத்திலிருந்து தேடாதீர்கள்.

கல்லும்_மண்ணும்:
எரிமலை இல்லை! நிறைய பேர் அப்படி நினைக்கிறார்கள். மேலே இருப்பது மணற்பாறை, அடுக்கடுக்காகக் கிடைமட்டமாகப் படிந்து இறுகியது, அதனால்தான் தலை தட்டை. அடியில் கிரானைட். அந்தக் கிரானைட் இன்னும் பழைய களிப்பாறைக்குள் புகுந்திருப்பதைக் கடற்கரையில் சீ பாயிண்ட் பக்கம் கண்ணால் பார்க்கலாம், 1836இல் டார்வினே வந்து பார்த்த இடம்.

இன்னொரு கூத்து: 1936இல் அங்கிருந்த மிருகக்காட்சிசாலையிலிருந்து இமயமலை வரையாடு ஒரு ஜோடி தப்பித்து மலையேறிவிட்டது. நம் நீலகிரி வரையாட்டுக்கு உறவு. அவை பெருகிப் பெருகி, அங்கேயே பிறந்த தாவரங்களை மேய்ந்து, கடைசியில் சுட்டுக் குறைக்க வேண்டி வந்தது.

வடக்குவாசல்:
எல்லாரும் அளந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மலையடியில் இருந்த மனிதர்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள் என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

1503இல் சல்டான்ஹா என்ற போர்த்துக்கீசியர் ஏறினார் என்று எல்லாப் புத்தகத்திலும் வரும். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கொய்கொய் மக்கள் அந்த அடிவாரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். 1510இல் அவர்களோடு வம்புக்குப் போய் அங்கேயே செத்தவர் யார் தெரியுமா? போர்த்துக்கீசிய இந்தியாவின் முதல் வைஸ்ராய் அல்மெய்தா. கொச்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில், கூட வந்த 60க்கும் மேற்பட்டவர்களோடு.

1652க்குப் பிறகு டச்சுக் கம்பெனி அடிமைகளைக் கொண்டுவந்தது. வங்காளம், மலபார், நம் சோழமண்டலக் கரை, இந்தோனேசியா, மடகாஸ்கர் என்று பல இடத்து ஆட்கள். தப்பியோடியவர்களுக்கு ஒளிய இந்த மலைதான் கிடைத்தது. பக்கத்து சிக்னல் ஹில்லில் அந்தக் காலத்து முஸ்லிம் பெரியவர்களின் அடக்கத்தலங்கள் உண்டு, கீழே போ-காப் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பின் தெருக்கள். கொஞ்சம் தள்ளி, பக்கத்துச் சிகரமான டெவில்ஸ் பீக்கின் அடிவாரத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ், பல இனத்தவர் சேர்ந்து வாழ்ந்த பகுதி. 1966இல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. மலைக்கு ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டாவது அதைப் பாருங்கள்.

கடலோடி_தூத்துக்குடி:
எல்லாருக்கும் நன்றி. தாத்தா, அந்தத் தூக்குக்குண்டு விளக்கத்தை அப்படியே எங்கள் சீஃப் ஆஃபீசருக்குச் சொன்னேன், மனுஷர் அரை மணி நேரம் என்னை விடவில்லை. கேபிள் கார் காற்றடித்தால் ஓடாது என்கிறார்களே, நிஜமா?

பரங்கிமலை_அடிவாரம்:
நிஜம். 1929இலிருந்து ஓடுகிறது, ஆனால் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில் மூடிவிடுவார்கள், கோடைக்காலத்தில் அது அடிக்கடி வரும். கடலிலிருந்து ஈரக்காற்று மலை மேல் ஏறிக் குளிர்ந்து வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகமாக உச்சியை மூடும், மறுபக்கம் இறங்கும்போதே கரைந்துவிடும். கீழே பளிச்சென்று வெயில் அடிக்கும், மேலே ஒன்றும் தெரியாது. மேகம் இல்லாத காலையாக இருந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் மலைக்குப் போங்கள். ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நன்றாகக் குளிரும்.