ரெண்டாவது ட்ரான்ஸ்போமர் வந்தா பழைய பிரேக்கர் தாங்குமா?

கேள்வி | சம்மாந்துறை
அரிசி மில்லுல இப்ப 33 கேவி/400 வோல்ட், 400 கேவிஏ ட்ரான்ஸ்போமர் ஒண்டு. தகட்டில இம்பீடன்ஸ் (கரண்ட்டைத் தடுக்கிற உள் எதிர்ப்பு) 4%. புது ட்ரையருக்கு அதே அளவில இன்னொண்டு வருது. ரெண்டையும் ஒரே பஸ்பாரில (பேனலுக்குள்ள கரண்ட்டைப் பிரிச்சுக் குடுக்கிற உலோகப் பட்டை) சேர்க்கலாம் எண்டு பேனல் அடிக்கிறவர் சொல்றார். மெயின், ஃபீடர் (பஸ்பார்ல இருந்து லோட்டுக்குப் போற வழி) பிரேக்கர் எல்லாம் 25 கேஏ (25,000 ஆம்பியர்) ஷோர்ட் வரைக்கும் அறுக்கிற எம்சிசிபி. தாங்குமா?

மறுமொழி | கல்முனை
ஃபீடர் தாங்காது நானா. 400 கேவிஏக்கு முழு லோட் 577 ஆம்பியர். அதை இம்பீடன்ஸ் 0.04ஆல பிரிச்சா ஷோர்ட் கரண்ட் 14.4 கேஏ, ரெண்டு சேர்ந்தா 28.9. மெயின் பிரேக்கர் ஒவ்வொண்டும் தன்ட ட்ரான்ஸ்போமர்ட 14.4ஐ மட்டும்தான் காணும், அதுக்குப் பயமில்ல. ஃபீடர்ல ஷோர்ட் விழுந்தாத்தான் ரெண்டுட கரண்ட்டும் அந்த ஒரு பிரேக்கருக்குள்ளால போகும். ஓடிட்டிருக்கிற மோட்டாரும் முதல் சில சைக்கிளுக்கு தன்ட முழு லோட் கரண்ட்டில நாலஞ்சு மடங்கைத் திருப்பித் தள்ளும். பஸ்பார்ல விழுற விசை கரண்ட்ட வர்க்கத்தோட ஏறும்: கரண்ட் ரெட்டிப்பானா விசை நாலு மடங்கு. பழைய சப்போட்டெல்லாம் அதுக்குச் செஞ்சதா எண்டு பாருங்க.

சேர்க்காம விடுறதுதான் மலிவு. பஸ்பாரை ரெண்டாப் பிரிச்சு நடுவில கப்ளர் (ரெண்டு பாதியையும் இணைக்கிற பிரேக்கர்) வையுங்க, எப்பவும் திறந்தே கிடக்கட்டும். ரெண்டு மெயின், ஒரு கப்ளர், மூணுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு. சாவி மட்டும் ரெண்டு. மூணையும் ஒண்டாப் போட ஏலாது. ஒரு ட்ரான்ஸ்போமர் போனா, அதுட மெயினை இறக்கிச் சாவியைக் கழட்டி, மறுகா கப்ளரைப் போடலாம்.

கேள்வி | சம்மாந்துறை
புதுசை 6%ல எடுத்தா? 24 கேஏதானே வருது.

மறுமொழி | அக்கரைப்பற்று
14.4ம் 9.6ம் 24தான். மோட்டார் சேர்ந்தா 25ஐத் தாண்டிடும். அதுக்கு மேல, லோட் 60க்கு 40 எண்டு பிரியும். பழையது 400 நிறையும்போது புதுசு 267லயே நிக்கும். 800க்குக் காசு கட்டி 667தான் எடுக்கலாம்.

கேள்வி | சம்மாந்துறை
சரி, கப்ளர் வைக்கிறம். ட்ரையர் டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்ட்) 30 மீற்றர் தள்ளி, 70 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள், உள்ளுக்கு 10 கேஏ வரை அறுக்கிற எம்சிபி (சின்ன பிரேக்கர்). போதுமா?

மறுமொழி | கல்முனை
கப்ளர் திறந்திருந்தாலும் அந்த டிபியில சுமார் 10.5 கேஏ வரும், எம்சிபி தாங்காது. 60 மீற்றர் எண்டா 8க்கு இறங்கியிருக்கும். ஃபீடர்ல ஜிஜி (பொதுப் பாவனை) வகை என்எச் (கத்தி மாதிரித் தகடு வச்ச) ஃபியூஸ் போடுங்க. பெரிய ஷோர்ட்டில கரண்ட் உச்சத்தைத் தொட முதல் உருகிடும். அளவை எம்சிபி கம்பனிட பேக்கப் அட்டவணையில (எந்த ஃபியூஸ் அந்த எம்சிபியைக் காக்கும் எண்ட பட்டியல்) பார்த்துத்தான் எடுக்கணும். உருகினா வயரைச் சுத்தி ஓட்டுற ஆளை மட்டும் அந்தப் பேனலுக்குக் கிட்ட விடாதீங்க.