எமல்சிஃபையிங் வேக்ஸ் ரெண்டு விதமா இருக்கு, எதை வாங்கறது? பையனுக்குக் கரப்பான் வேற

செம்பருத்தி:
வணக்கம்ங்க. ஈரோட்டுல இருக்கேன். தேங்காயெண்ணெயும் பாதாம் எண்ணெயும் சூடு பண்ணி, கத்தாழைச் சோத்தை மிக்ஸியில அடிச்சு ஊத்தி, கெட்டியாகறதுக்குத் தேன்மெழுகு போட்டு வீட்டுக்கு க்ரீம் செய்யறேன். செஞ்ச அன்னைக்கு வெள்ளையா நல்லாத்தான் இருக்குது. கொஞ்ச நாள்ல எண்ணெய் மேல வந்துருது, அடியில தண்ணி நிக்குது. மறுபடி கலக்கினாலும் மோர்ல வெண்ணெய் திரண்ட மாதிரி திப்பி திப்பியாத்தான் வருது.

சோப்புச் சாமான் விக்கிற கடையில கேட்டா எமல்சிஃபையிங் வேக்ஸ் போடச் சொல்றாங்க. ரெண்டு பாக்கெட் காட்டினாங்க. ரெண்டும் பாக்க ஒரே வெள்ளைச் சீவல், ஆனா ஒண்ணு இன்னொண்ணைவிட ரெட்டிப்பு விலை. ஏன்னு கேட்டா கடைக்காரருக்கே தெரியல. என் நாத்தனார் "அது பூராவும் கெமிக்கல், கொழந்தைக்குப் பூசீராத"ங்கறா. நாலு வயசுப் பையனுக்கு முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் கரப்பான் இருக்குது. எதை வாங்கலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பக்கத்து வீட்டுல காசு குடுத்து வாங்கிக்கறேன்னும் கேக்கறாங்க.

களிம்புக்காரன்:
வணக்கம் தங்கச்சி. மருந்துக் கம்பெனியில களிம்புப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

முதல்ல தேன்மெழுகு. அது எண்ணெயைக் கெட்டிப்படுத்தும், அவ்வளவுதான். தண்ணியையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்கிற வேலை தனியா அதால ஆகாது. அந்த வேலைக்குத்தான் எமல்சிஃபையர், கடைக்காரர் காட்டின எமல்சிஃபையிங் வேக்ஸ் அதுதான். அந்தக் காலத்துக் கோல்டு க்ரீம்ல பிடிச்சதுன்னா, கூடவே வெண்காரம் போட்டாங்க. வெண்காரம் மெழுகுல இருக்கிற அமிலத்தோட சேர்ந்து சோப்பாகும், அந்தச் சோப்புதான் பிடிச்சு வெச்சது. அந்த வழிக்கு நீங்க போக வேண்டாம், கரப்பான் தோலுக்கு வெண்காரம் ஆகாது.

இப்ப அந்த ரெண்டு பாக்கெட். ரெண்டுலயும் பெரும்பங்கு செட்டோஸ்டியரில் ஆல்கஹால். பேரைப் பார்த்து ஸ்பிரிட்டுன்னு பயப்படாதீங்க, அது மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் பொருள், தோலைக் காய வைக்காது. கூடச் சேர்ந்திருக்கிறது எதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. பிரிட்டிஷ் பார்மகோபியா, அதாவது பிரிட்டனோட மருந்துத் தர நூல் முறையில 90 பங்கு அந்த ஆல்கஹால், 10 பங்கு சோடியம் லாரில் சல்ஃபேட். ஷாம்பூவுல, பல் பேஸ்ட்டுல நுரைக்காகப் போடற அதே சரக்கு. அமெரிக்க முறையில, அதாவது என்.எஃப். (நேஷனல் ஃபார்முலரிங்கற அவங்க தர நூல்) வகையில, சல்ஃபேட்டுக்குப் பதிலா பாலிசார்பேட் இருக்கும், பெரும்பாலும் பாலிசார்பேட் 60. ரெண்டும் ஒரே பேர்ல விக்குது. விலை கம்மியானது சல்ஃபேட் வகையா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா விலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, சேர்மானப் பட்டியலைக் கேட்டு வாங்குங்க.

உங்க நாத்தனார் சொல்றது உண்மைதான், ஆலையில செய்யறதுதான். சர்க்கரையிலிருந்து வர்ற சார்பிட்டால், எண்ணெயிலிருந்து வர்ற ஸ்டியரிக் அமிலம், இந்த ரெண்டையும் சேர்த்து, அதுல எத்திலீன் ஆக்ஸைடை ஏத்தினா பாலிசார்பேட் 60. ஆனா செயற்கைங்கறது அந்த ரெண்டு பாக்கெட்டுக்கும் பொது. தோலுக்கு எது சாதுங்கறதுதான் கேள்வி. சல்ஃபேட்டுக்கு மின்னூட்டம் இருக்கு, தோலோட புரதத்தைப் போய்ப் பிடிச்சு மேல்தோலோட காப்பைக் கெடுக்கும். பாலிசார்பேட்டுக்கு மின்னூட்டம் இல்லை, அதனால எரிச்சல் ரொம்பக் குறைவு.

இது ஏட்டுக் கணக்கு இல்லைம்மா. பிரிட்டன்ல அக்வியஸ் க்ரீம்னு ஒண்ணு, வறண்ட தோலுக்குப் பல காலம் எழுதிக் கொடுத்தாங்க. அதுல சல்ஃபேட் வகை மெழுகு 9 சதவீதம், அப்படின்னா சோடியம் லாரில் சல்ஃபேட் 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த அளவே கரப்பான் இருக்கிற குழந்தைகளுக்கு எரிச்சலும் சிவப்பும் கொடுத்தது. பூசிக் கழுவாம விடறப்ப இப்படி ஆகலாம்னு அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல எச்சரிக்கை விட்டது. அதனால அந்த வகை உங்க வீட்டுக்குள்ளயே வர வேண்டாம்.

பையனுக்கு வீட்டு க்ரீம் எதுவுமே வேண்டாம், பாலிசார்பேட் போட்டதும்கூட. குளிப்பாட்டி, தோல் ஈரமா இருக்கறப்பவே வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. அதுல தண்ணியே இல்லை, அதனால எமல்சிஃபையரும் தேவையில்லை. மடிப்புல வெடிப்பு, நீர்க்கசிவு இருந்தா தோல் டாக்டர்.

உங்களுக்குச் செய்ய 100 கிராம் கணக்கு: காய்ச்சி வடித்த தண்ணி 72, கிளிசரின் 3, எண்ணெய் ரெண்டும் சேர்த்து 18, பாலிசார்பேட் வகை மெழுகு 6, கிருமி வளராமத் தடுக்கிற பிரிசர்வேட்டிவ் 1. எண்ணெயும் மெழுகும் ஒரு பாத்திரத்துல, தண்ணியும் கிளிசரினும் இன்னொண்ணுல, ரெண்டையும் 70–75 டிகிரிக்குக் கொண்டு வாங்க. மெழுகு துளிகூட உருகாம மிதக்கக் கூடாது. தண்ணியை நூல் மாதிரி எண்ணெய்ல ஊத்திக்கிட்டே ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்க. பால் மாதிரி வெளுத்ததும் பிளெண்டரை எடுத்துட்டு, கரண்டியால ஆறுற வரைக்கும் கிளறுங்க. இங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. சூட்டோட விட்டுட்டா ஓரத்துல உறைஞ்சு நடுவுல நீர்த்து நிக்கும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கின பிறகு பிரிசர்வேட்டிவ்.

நொய்யல்:
சார் சொன்னது சரி. ஆனா எத்திலீன் ஆக்ஸைடு புற்றுநோய் உண்டாக்கறது இல்லையா? பாலிசார்பேட்ல 1,4-டையாக்ஸேன் இருக்குதுன்னும் படிச்சேன்.

களிம்புக்காரன்:
எத்திலீன் ஆக்ஸைடு புற்றுநோய் உண்டாக்கும், அதுல சந்தேகமே இல்லை. ஆனா அது வினையில செலவாகிடும், மிஞ்சறதை ஆலையில வெற்றிடத்துல உறிஞ்சி எடுப்பாங்க. 1,4-டையாக்ஸேன் அந்த வினையில பக்கத்துல உருவாகிற பொருள். அதுவும் அதே முறையில பெரும்பாலும் போயிடும். ஐரோப்பிய ஆணையத்தோட விஞ்ஞானக் குழு 2015-ல அழகுசாதனப் பொருள்ல 10 பிபிஎம் வரைக்கும் பாதுகாப்புன்னு சொன்னது. 10 பிபிஎம்னா ஒரு கிலோ க்ரீம்ல 10 மில்லிகிராம். நீங்க போடறது 6 சதவீத மெழுகு, அதுல பாலிசார்பேட் ஒரு பங்குதான். தரச் சான்றிதழ் கொடுக்கிற விற்பனையாளர்கிட்ட வாங்கினா இதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டியதில்லை. பேரில்லாத டப்பாவுல அளந்து கொடுக்கறவங்ககிட்ட வாங்காதீங்க.

தாமரைக்குளம்:
என்கிட்ட பாலிசார்பேட் 80 பாட்டில் இருக்கு, மஞ்சளா தேன் மாதிரி. ஐஸ்க்ரீம் டப்பாவுலகூட 433-னு போட்டிருக்கே, அதேதானாமே. மெழுகுக்குப் பதிலா இதை ஊத்தினா போதுமா?

களிம்புக்காரன்:
அதேதான், உணவுத் தரம் வேற, அழகுசாதனத் தரம் வேற. ஆனா தனியா அது க்ரீம் ஆக்காது. அது தண்ணிப் பக்கம் ரொம்பச் சாய்ஞ்ச சரக்கு. 1949-ல அட்லஸ் பவுடர் கம்பெனியில கிரிஃபின்னு ஒருத்தர் இதுக்கு எச்.எல்.பி.ன்னு ஒரு அளவுகோல் போட்டார், எண் கூடக் கூடத் தண்ணிப் பக்கச் சாய்வு அதிகம். அதுல பாலிசார்பேட் 80-க்கு 15. பன்னீர்ல நாலு சொட்டு வாசனை எண்ணெயைக் கரைக்க அருமையா உதவும். 18 கிராம் எண்ணெயைத் தாங்கி நிக்கணும்னா எண்ணெய்ப் பக்கம் சாயற துணை ஒண்ணும், கெட்டித்தன்மைக்குச் செட்டோஸ்டியரில் ஆல்கஹாலும் வேணும். இன்னொண்ணு, பாலிசார்பேட் பாரபென்ங்கற பிரிசர்வேட்டிவைத் தனக்குள்ள இழுத்து வெச்சுக்கும், கிருமியைக் கொல்ல மிச்சம் குறைஞ்சிடும். அதனால நான் ஃபீனாக்ஸி எத்தனால் கலவையைத்தான் சொல்லுவேன், மொத்த எடையில 1 சதவீதத்தைத் தாண்டாம.

செம்பருத்தி:
ரொம்ப நன்றிங்க அண்ணா. கடையில மறுபடி கேட்டேன். ரெட்டிப்பு விலைப் பாக்கெட்டுல செட்டியரில் ஆல்கஹால், பாலிசார்பேட் 60-னு இருக்குது. இன்னொண்ணுல "வெஜிடபிள் பேஸ்"னு மட்டும்தான். கத்தாழையைத் தண்ணிக்குப் பதிலா ஊத்தலாங்களா?

களிம்புக்காரன்:
செட்டியரில்னாலும் செட்டோஸ்டியரில்னாலும் ஒண்ணுதான், முதல் பாக்கெட்டை வாங்குங்க. பச்சைக் கத்தாழைச் சோறு வேண்டாம்மா. அதுல வர்ற கிருமிக்கு 1 சதவீதப் பிரிசர்வேட்டிவ் தாங்காது. கத்தாழையை அப்பப்ப வெட்டித் தனியாப் பூசிக்குங்க. விக்கறதுன்னா 2020-ம் வருஷத்து காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி உற்பத்தி உரிமம் வேணும். அது கையில வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டுல காசு வாங்காதீங்க.