வாடகைக் கயாக் இடது பக்கமே இழுக்கிறது, நேராகப் போகவில்லை. அவசரம், உதவுங்கள்

கரைசேராதவன் | செவ்வாய், இரவு 10:47
வணக்கம். போன ஞாயிறு நகர ஆற்றில் கயாக் வாடகைக்கு எடுத்தோம். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார்கள், நாமே போய்விட்டு நாமே திரும்ப வேண்டியதுதான். போகும்போது சொன்னபடி கேட்டது. வரும்போது என்ன ஆனதோ, இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட இடது பக்கமே துடுப்பு போட்டுப் போட்டு இடது தோள் இன்னும் தூக்க முடியவில்லை. கொடுமை என்னவென்றால் எவ்வளவு அழுத்திப் போட்டேனோ அவ்வளவு மோசமாகத் திரும்பியது. 2 மணி நேரத்துக்கு எடுத்த படகை 3 மணி நேரம் கழித்துத்தான் கொண்டுவந்து விட்டோம், டெபாசிட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வரும் ஞாயிறுக்கும் முன்பதிவு செய்தாயிற்று. தப்பு என் மேலா, படகு மேலா? சீக்கிரம் சொல்லுங்கள்.

நீர்க்கோழி | இரவு 10:58
ஒற்றை ஆள் படகா, இரண்டு பேர் படகா? மேலே உட்காருவதா, உள்ளே கால் நீட்டுவதா? அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு மூடியைப் பார்த்தீர்களா? என் அனுபவத்தில் வாடகைப் படகு கோணல் போனால் பத்துக்கு எட்டு முறை உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும். 20 லிட்டர் என்றால் 20 கிலோ, அது சும்மா இருக்காது, நீங்கள் சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடும்.

காற்றாடி | இரவு 11:05
காற்று. வேறு எதுவும் இல்லை. கயாக் முன்னே போகும்போது முன்முனையைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், வால்தான் லேசாக இருக்கும், பக்கவாட்டுக் காற்று வாலைத் தள்ளிவிடும், படகு காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பிவிடும். இடது பக்கம் திரும்பியது என்றால் காற்று இடது பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. வேகமாகப் போனால் இன்னும் அதிகமாகத் திரும்பும், நீங்கள் சொல்வதும் அதுதானே. அன்றைக்கு எந்தப் பக்கத்துக் காற்று?

துடுப்புவாசி | இரவு 11:31
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை, தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. படகில் ஒரு குறையும் இருக்காது. புதியவர்கள் கையால் மட்டும் இழுப்பார்கள், இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப மாட்டார்கள். வலது கைக்காரர் களைத்துப்போனால் வலது கை நீளமாகவும் இடது கை குட்டையாகவும் இழுக்கும். வலது இழுப்பு கூடினால் படகு இடது பக்கம் திரும்பாமல் என்ன செய்யும்? போகும்போது தெம்பு இருந்தது, வரும்போது இல்லை, அவ்வளவுதான். முதலில் குளத்தில் 10 மணி நேரம் பழகிவிட்டு ஆற்றுக்கு வாருங்கள்.

நீர்க்கோழி | இரவு 11:40
அவர் இடது பக்கம் மட்டுமே போட்டதாக எழுதியிருக்கிறார், வலது இழுப்பு எங்கிருந்து கூடும்? கொஞ்சம் படித்துவிட்டுத் திட்டலாமே.

துடுப்புவாசி | இரவு 11:44
படித்தேன். புதியவர்கள் செய்ததாகச் சொல்வதும் செய்வதும் ஒன்றில்லை.

கரைசேராதவன் | புதன், காலை 7:15
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். இரண்டு பேர் படகு. அக்கா முன்னால், நான் பின்னால். கால் உள்ளே போகும் வகை. காற்று இருந்தது, எந்தப் பக்கம் என்று ஞாபகம் இல்லை. திருகு மூடி எங்கே இருக்கும் என்றே தெரியாது. அக்கா முன்னால் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், அதைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை. நடுவில் ஒரு மணல்திட்டில் படகை இழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம், கரைக்குத் திரும்பக் கிளம்பியது அங்கிருந்துதான்.

காற்றாடி | காலை 7:22
காற்று இருந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.

மீன்கொத்தி | காலை 8:03
காற்றாடி அண்ணா, ஒரு சந்தேகம். போகும் திசைக்கு நேரெதிராகத் திரும்பி வருகிறார்கள். வரும்போது இடது பக்கம் அடித்த காற்று போகும்போது வலது பக்கம் அடித்திருக்க வேண்டும், அப்போது படகு வலது பக்கம் இழுத்திருக்க வேண்டும். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை என்கிறாரே?

கரைசேராதவன், எனக்கு உறுத்துவது அந்த மணல்திட்டுதான். இரண்டு கேள்வி. படகின் வால் முனையில் மீன் துடுப்பு மாதிரி ஒரு தகடு தொங்கியதா? பின்சீட்டில் நீங்கள் கால் ஊன்றிய மிதி இரண்டும் உறுதியாக நின்றதா, இல்லை ஏதாவது ஒன்று அசைந்ததா?

காற்றாடி | காலை 8:10
மதியத்துக்கு மேல் காற்று ஏறியிருக்கும் தம்பி. போகும்போது சும்மா இருந்திருக்கும். ஆறும் வளைந்துதானே போகும், திசை எப்படி நேரெதிராகும்?

கரைசேராதவன் | காலை 8:41
ஆமாம், தகடு இருந்தது! அது படகோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டேன். வலது மிதி வழுக்கி வழுக்கி முன்னால் போய்க்கொண்டிருந்தது, என் கால் நீளத்துக்கு அளவு வைக்கவில்லை போல என்று இடது காலையே நன்றாக ஊன்றிக்கொண்டு வந்தேன். இது முக்கியமா?

மீன்கொத்தி | காலை 9:12
அதுதான் எல்லாமே :) அந்தத் தகடு சுக்கான். நீங்கள் ஊன்றியது வெறும் மிதி இல்லை, அந்தச் சுக்கானின் கடிவாளம். இரண்டு மிதியிலிருந்தும் ஆளுக்கொரு கம்பி படகின் ஓரமாக வால்வரை போகும். இடது மிதியை அழுத்தினால் இடது கம்பி இழுபடும், சுக்கான் இடது பக்கம் சாயும், படகும் இடது பக்கம் திரும்பும். வலதை அழுத்தினால் வலது. இரண்டு காலும் சமமாக ஊன்றினால் ஒன்றையொன்று பிடித்து நடுவில் நிற்கும்.

வலது மிதி பிடிப்பே இல்லாமல் வழுக்கியது என்றால் வலது கம்பி கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. பிறகு நீங்கள் இடது காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் சுக்கான் இடது பக்கம் போகும், அதைத் திரும்ப இழுக்க எதிர்ப்பக்கம் ஆள் இல்லை. அழுத்தித் துடுப்பு போட வேண்டுமென்றால் காலையும் அழுத்தி ஊன்றத்தானே செய்வோம்? அழுத்த அழுத்த மோசமானதன் கதை இதுதான்.

மணல்திட்டில் இழுத்துப் போட்டபோது சுக்கானைத் தூக்கினீர்களா? பெரும்பாலான படகுகளில் பின்சீட்டுப் பக்கத்தில் ஒரு கயிறு இருக்கும், அதை இழுத்தால் சுக்கான் தண்ணீரைவிட்டு மேலே வந்து படகின் முதுகில் மடிந்து படுத்துக்கொள்ளும். தொங்கவிட்டபடியே மணலில் இழுத்தால் முதலில் அடி வாங்குவது அதுதான்.

ஆற்று நடுவில் இது நடந்தாலும் வழி அதேதான், சுக்கானைத் தூக்கி மடக்கிவிட்டுச் சுக்கான் இல்லாத படகு மாதிரி ஓட்டிக்கொண்டு வரலாம். பின்னால் இருப்பவர் துடுப்பைப் பக்கவாட்டில் நன்றாக எட்டிப் போட்டு வால்வரை அரை வட்டமாக இழுத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும்.

நீர்க்கோழி | காலை 9:30
அருமை. இருந்தாலும் ஞாயிறு போனால் திருகு மூடியையும் பாருங்கள்.

துடுப்புவாசி | காலை 10:05
சுக்கான் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன். நல்ல படகோட்டிக்குச் சுக்கானே தேவையில்லை, அது வேறு விஷயம்.

நாணல் | காலை 10:48
சுக்கான் சரி, ஆனால் நேரம் தாண்டியதற்கு அது மட்டும் காரணமா? நீரோட்டத்தோடு போய்விட்டு எதிர்நீச்சலில் திரும்பினீர்களா? கணக்குப் பாருங்கள். சும்மா உலாவப் போகிறவர்கள் மணிக்கு 5 கி.மீ. போவார்கள் என்று வையுங்கள், ஆறு மணிக்கு 2 கி.மீ. ஓடுகிறது. 6 கி.மீ. போக 51 நிமிடம், அதே தூரம் திரும்ப 2 மணி நேரம். ஓட்டமே இல்லாத நீரில் போய்வர 2 மணி 24 நிமிடம்தான். போகும்போது கிடைத்த லாபத்தைவிட வரும்போது நஷ்டம் எப்போதுமே அதிகம். அதனால் முதலில் எதிர்த்துப் போக வேண்டும், களைத்த பிறகு ஆறு நம்மைக் கொண்டுவந்து விட வேண்டும். பாதி நேரம் ஆனால் எங்கே இருந்தாலும் திரும்பு என்பதெல்லாம் எதிர்த்துப் போனவர்களுக்குத்தான் பொருந்தும்.

துடுப்புவாசி | காலை 11:02
எல்லா ஆற்றுக்கும் ஒரே சூத்திரம் கிடையாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நகரம் என்றால் கடல் நீர் ஏறி வற்றுவதால் ஆறு இரண்டு பக்கமும் ஓடும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஏற்றத்தோடு உள்ளே போய் வற்றத்தோடு திரும்பினால் இரண்டு பக்கமும் ஆறே தள்ளிவிடும். ஏற்ற வற்றத்தைப் பார்க்காமல் எதிர்த்துப் போ என்பது அரைகுறை அறிவுரை.

நாணல் | காலை 11:09
அவர் முகத்துவாரம் என்று சொல்லவே இல்லையே. நீங்களாகக் கடலைக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். தவிர, அட்டவணையில் போட்டிருக்கும் ஏற்ற நேரமும் ஆற்றுக்குள் ஓட்டம் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதை நம்பிப் போய் மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

துடுப்புவாசி | காலை 11:15
மாட்டிக்கொண்டது அட்டவணையின் குற்றமில்லை.

ஓடம்2 | காலை 11:40
சண்டையை நிறுத்துங்கள் சார். எதிர்த்து வர வேண்டியிருந்தால் நடு ஆற்றை விட்டுவிட்டுக் கரையோரமாக வாருங்கள், அங்கே ஓட்டம் குறைவு, வளைவின் உள்பக்கம் இன்னும் குறைவு. பெரிய படகுகள் போகும் ஆறு என்றால் கரையோரம்தான் நமக்கு இடம் என்பதும் இருக்கிறது. 1972 சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 9-வது விதி, குறுகலான கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைந்த படகுகள் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்கிறது.

துடுப்புவாசி | காலை 11:52
அது கடல் விதி. உள்நாட்டு ஆறுகளுக்குத் தனி விதிகள் இருக்கலாம்.

ஓடம்2 | காலை 11:55
விதியை விடுங்கள், கயாக்கைவிடப் பெரிய படகு சட்டென்று நிற்காது, நம்மைப் பார்ப்பதும் கஷ்டம், அதற்கு விதி வேறு வேண்டுமா?

நீர்க்கோழி | மதியம் 12:20
பாலத் தூண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூணில் நீர் வந்து மோதும் பக்கம் ஓட்டம் அழுத்தும், அங்கே பக்கவாட்டில் மாட்டினால் படகைத் தூணோடு ஒட்டவைத்துவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அதைவிடப் பயங்கரம் தாழ்வான தடுப்பணை. படகில் வரும்போது அணைக்கு முன்னாலிருந்து பார்த்தால் ஆறு ஒரு நேர்க்கோட்டில் முடிவது போலத்தான் தெரியும், கீழே விழும் தண்ணீர் புரண்டு புரண்டு அணைச் சுவர் பக்கமே திரும்பி வரும், மாட்டியவரை வெளியே விடாது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வாடகை இல்லை, எதுவரை போகலாம் என்பதுதான். அக்காவும் நீங்களும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தீர்கள்தானே?

ஆழம்பார்த்தவன் | மதியம் 12:34
நகர ஆற்றுக்கு ஜாக்கெட்டா? நீச்சல் தெரிந்தால் போதும், வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வேர்த்துக்கொட்டும்.

நீர்க்கோழி | மதியம் 12:37
படகு கவிழும்போது தலை அடிபட்டால் நீச்சல் தெரிந்த தலைதான் அடிபடும். குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சே கட்டுப்பாட்டில் இருக்காது, நீச்சல் அதற்கு அப்புறம்தான்.

ஆழம்பார்த்தவன் | மதியம் 12:39
நான் 20 வருடமாகப் போடுவதில்லை.

துடுப்புவாசி | மதியம் 12:50
நீர்க்கோழி சொல்வதுதான் சரி. (ஆமாம், நானே சொல்கிறேன்.) சீட்டுக்கு அடியில் செருகி வைத்த ஜாக்கெட் சீட்டைத்தான் காப்பாற்றும்.

மீன்கொத்தி | மதியம் 1:15
டெபாசிட் விஷயம் அப்படியே நிற்கிறது. நேரம் தாண்டியதற்குப் பிடித்தார்களா, வேறு ஏதாவது சொல்லிப் பிடித்தார்களா? கம்பி அவர்கள் கொடுக்கும்போதே தளர்ந்திருந்ததா, உங்கள் மணல்திட்டில் போனதா என்பது படகைப் பார்த்தால்தான் தெரியும். மணல்திட்டைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து அந்தப் படகை எடுப்பவர் பாவம். அடுத்த முறை தண்ணீரில் இறக்கும் முன் பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு மிதியையும் மாறி மாறி அழுத்தி, அக்காவை வால் பக்கம் நின்று சுக்கான் இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போனில் சுற்றிலும் நாலு படம் எடுத்து வையுங்கள், அரை நிமிட வேலை.

நாணல் | வியாழன், இரவு 9:20
என்ன ஆயிற்று? ஆளையே காணோம்.

நீர்க்கோழி | வெள்ளி, காலை 6:50
விடை கிடைத்துவிட்டது, இனி வரமாட்டார். ஜாக்கெட் கேள்விக்குப் பதிலும் வராது.

கரைசேராதவன் | திங்கள், இரவு 11:18
தாமதத்துக்கு மன்னிக்கவும், வேலை. போய்க் கேட்டேன். மீன்கொத்தி சொன்னதேதான், வலது கம்பி வால் பக்கம் கொக்கியிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, அறுந்துபோகவில்லை. சுக்கானைத் தூக்கவில்லை என்பதை நானே சொன்னேன், தூக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித் தரவில்லை என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசிவிட்டு டெபாசிட்டில் பாதி கொடுத்தார்கள். ஞாயிறு போகவில்லை, அக்கா வரமாட்டேன் என்கிறாள், ஒற்றை ஆள் படகுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

காற்றாடி | திங்கள், இரவு 11:26
எல்லாம் சரி தம்பி, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.